பிறந்த ஊரும் பந்தாடும் நாடும்

இரட்டைக் குடியுரிமை உள்ள கால்பந்து வீரர் ஒருவர் தேசிய அணிக்குத் தேர்வாகும்போதெல்லாம் பழைய புகார் ஒன்று தலைதூக்குகிறது. இரண்டு கடவுச்சீட்டு உள்ளவருக்கு எந்த நாட்டின் மீதும் முழுப் பற்று இராது; இடம் கிடைக்கிற அணிக்கு ஆடிவிட்டுப் போவார் என்பதே அது. பலரும் யோசிக்காமலே ஏற்றுக்கொண்ட இந்த நம்பிக்கைக்கு விதியிலோ வரலாற்றிலோ ஆதாரம் இல்லை.

நினைத்தபோது நாடு மாறலாம் என்பது தவறான எண்ணம். புதிதாகக் குடியுரிமை பெறும் வீரரிடம் ஃபிஃபா கடவுச்சீட்டை மட்டும் பார்ப்பதில்லை. அவரோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் ஆண்டுக்கணக்கில் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். ஒரு நாட்டின் முதன்மை அணிக்காக அதிகாரபூர்வப் போட்டியில் ஆடிவிட்டவருக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 2020இல் விதி தளர்ந்த பிறகும், 21 வயதுக்குள் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர் மட்டுமே, மூன்றாண்டு காத்திருந்து அணி மாறலாம். உலகக் கோப்பையில் ஆடியவருக்கு அந்த வழியும் இல்லை. போலி ஆவணங்களுக்காக மலேசியக் கால்பந்து சங்கத்தையும் ஏழு வீரர்களையும் 2025இல் ஃபிஃபா தண்டித்தது. மோசடியைப் பிடிக்க விதி இருக்கும்போது, முறைப்படி வந்தவரையும் சந்தேகிப்பது நியாயமாகாது.

அந்தக் காலத்தில் தேசிய அணிகள் கலப்பற்று இருந்தன என்பதும் கற்பனையே. அர்ஜென்டினாவில் பிறந்த லூயிஸ் மோன்டி 1930 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அந்நாட்டுக்கு ஆடினார். 1934 இறுதியாட்டத்தில் இத்தாலிக்கு ஆடிக் கோப்பை வென்றார். அதே இறுதியாட்டத்தில் இத்தாலிக்குச் சமன் கோலை அடித்த ரைமுண்டோ ஓர்சியும் அர்ஜென்டினாவில் பிறந்தவரே. அப்போது இத்தாலியை ஆண்டவர் முசோலினி. தேசிய வெறியையே கொள்கையாகக் கொண்ட ஆட்சிக்கும் கோல் அடிப்பவரின் பிறந்த ஊர் உறுத்தவில்லை.

2022 உலகக் கோப்பையில் மொரோக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பயிற்சியாளர் வலீத் ரெக்ராகியும் பிரான்சில் பிறந்தவர். பற்று பாதியாகப் பிரிந்திருந்தால் இந்த அணி முதல் சுற்றிலேயே சரிந்திருக்க வேண்டும். அதுவோ பெல்ஜியத்தையும் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வீழ்த்தி, அரையிறுதிக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அணியானது. ஸ்பெயினை வெளியேற்றிய கடைசி பெனால்டியை அடித்த அஷ்ரஃப் ஹக்கீமி, மாட்ரிட்டில் பிறந்து ரியல் மாட்ரிட்டில் ஆட்டம் பயின்றவர்.

பயிற்சி தந்த நாட்டுக்கே வீரர் சொந்தம் என்ற வாதமும் நிற்காது. ஐரோப்பியக் கிளப்புகள் சிறுவர்களைத் தங்கள் லாபத்துக்காகப் பயிற்றுவிக்கின்றன. விற்கும்போது பணத்தையும் பெற்றுக்கொள்கின்றன. கிளப்பின் முதலீட்டுக்கு வீரர் நாட்டுக்கடன் தீர்க்க வேண்டியதில்லை.

உண்மையில் சந்தேகம் கடவுச்சீட்டைப் பற்றியதே அன்று. ஜெர்மனியின் கெல்சன்கிர்ஹனில் பிறந்த மெசுட் ஓசில், துருக்கியக் குடியுரிமையைத் துறந்து ஜெர்மனிக்கு 92 ஆட்டங்கள் ஆடினார். 2014இல் உலகக் கோப்பையும் வென்றார். 2018இல் துருக்கி அதிபர் எர்டோகானுடன் அவர் எடுத்துக்கொண்ட படம் அரசியல் கண்டனத்துக்கு உரியதாக இருக்கலாம். ஆனால் அவ்வாண்டு உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியதும், ஒரே கடவுச்சீட்டு வைத்திருந்த அவரது ஜெர்மானியத்தன்மையே கேள்விக்குள்ளானது. அவர் தேசிய அணியிலிருந்து விலகினார். வென்றால் நம்மவர், தோற்றால் வந்தேறி என்னும் அளவுகோலுக்கு நாட்டுப்பற்று என்று பெயரிட முடியாது.

கேமரூனின் யாவுண்டேயில் பிறந்த பிரீல் எம்போலோ, 2022 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்காகக் கேமரூனுக்கு எதிராக ஆடினார். ஆட்டத்தின் ஒரே கோலை அவரே அடித்தார். அடித்ததும் கொண்டாடாமல் இரு கைகளையும் உயர்த்தி நின்றார். சுவிட்சர்லாந்து 1–0 என வென்றது.