ரீவைண்ட்: 100 ரூபாய்க்குச் சொந்த வீடு!

'அவன் சரியான 420' என்று திட்டாத ஊர் உண்டா? ஏமாற்றுக் குற்றத்துக்கான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு அது. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்து, பிரிவு எண் 318 ஆகிவிட்டது. ஆனால், திட்டு மட்டும் மாறவே இல்லை.

அந்த எண்ணையே தலைப்பாக்கி 1955-ல் வந்த இந்திப் படம் 'ஸ்ரீ 420'. கதை, கே.ஏ.அப்பாஸ். நடித்து இயக்கியவர் ராஜ் கபூர்.

அலகாபாத்திலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வரும் ராஜ், நேர்மைக்காகக் கிடைத்த பதக்கத்தை அடகுக் கடையில் வைக்கிறான். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வித்யா (நர்கிஸ்) மேல் காதல். ஒரே குடையில் இருவரும் நடக்கும் அந்த மழைப்பாட்டை மறக்க முடியுமா?

சீட்டாட்டத்தில் கைவரிசை காட்டும் ராஜைப் பணக்கார மோசடிக் கும்பல் வளைக்கிறது. கோட்டு சூட்டு வருகிறது, வித்யா விலகுகிறாள். அடுத்து பெரிய மோசடி... 100 ரூபாய்க்கு வீடு! நம்பிப் பணம் கட்டுவது யார் தெரியுமா? நடைபாதையில் அவனோடு படுத்துறங்கிய அதே ஜனங்கள். அங்கேதான் அவன் மனம் மாறுகிறது.

தெரிந்த முகங்களை ஏமாற்ற ராஜுக்கு மனம் வரவில்லை. இன்று லிங்க் அனுப்பிப் பணம் கறப்பவருக்கோ நம் முகமே தெரியாது. அவர் திருந்துவார் என்று காத்திருக்க முடியாது. 'இவ்வளவு மலிவாக எப்படித் தருகிறீர்கள்?' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆன்லைனில் ஏமாந்துவிட்டால், வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் போடுங்கள்.