செங்குத்துச் சரிவுகளை யார் காப்பது?

ஜெர்மனியின் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒயின் சுவைக்கப் பயணம் திட்டமிடுவோர் வழக்கமாக மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவார்கள்: எந்தப் பள்ளத்தாக்கு, எந்த மாதம், எந்த ரகம்? வரும் அறுவடைக் காலத்துக்கான என் பயணத் திட்டத்தில் நான்காவது கேள்வி ஒன்றும் சேர்ந்துகொண்டது: அந்தத் தோட்டம் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கும்?

இது மிகையான அச்சமல்ல. உலக அளவில் ஒயின் நுகர்வு 2024-ல், 1961-க்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவுக்குச் சரிந்தது. ஜெர்மன் ஒயினின் முதன்மை ஏற்றுமதிச் சந்தையான அமெரிக்கா, 2025 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒயின்கள் மீது 15% வரி விதித்தது. உள்நாட்டிலோ, ஜெர்மானியர்கள் அருந்தும் ஒயினில் பாதிக்கு மேல் இறக்குமதியானது. உழைப்பும் செலவும் கூடிவரும் காலத்தில் விலை மட்டும் கூட மறுக்கிறது.

இந்த நெருக்கடி எல்லா நிலத்தையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. ரைன்ஹெஸன் போன்ற சமவெளிப் பகுதிகளில் இயந்திரம் அறுவடையை முடித்துவிடும். மோசெல் ஆற்றங்கரையில் அது இயலாது. ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான தோட்டங்களுள் ஒன்றான பிரெம் கிராமத்தின் கால்மோன்ட் சரிவு, சில இடங்களில் 65 பாகை வரை சாய்ந்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு கொடியையும் மனிதக் கைகளே பேண வேண்டும். ஆனால், கடை அலமாரியில் இரு ஒயின்களும் அருகருகே நிற்கின்றன. எனவே முதலில் கைவிடப்படுபவை சரிவுகளே.

காலநிலை மாற்றம் இதை மேலும் சிக்கலாக்குகிறது. குளிர்ந்த நாட்டில் சூரியனை நேராக எதிர்கொள்ளும் சரிவும், வெப்பத்தைத் தேக்கிவைக்கும் பலகைக்கல் மண்ணும்தான் ரீஸ்லிங் திராட்சையைப் பழுக்க வைத்தன. வெப்பம் கூடியபின் சமவெளியிலும் பழம் நன்கு முதிர்கிறது. சரிவின் இயற்கையான அனுகூலம் குறைந்துவருகிறது. ஐஸ் ஒயினுக்குக் குறைந்தது மைனஸ் 7 டிகிரி குளிர் தேவை. 2019 அறுவடைப் பருவத்தில் 13 ஒயின் பிராந்தியங்களில் ஒன்றில்கூட அது கிடைக்கவில்லை. 2021 ஜூலை வெள்ளம் ஆர் பள்ளத்தாக்கில் 130-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 2024 ஏப்ரலில் பெய்த உறைபனி சாக்சனியின் தளிர்களைக் கருக்கியது.

சுற்றுலா இதற்கு மருந்தாகுமா? ஓரளவுக்கு ஆகும். தோட்டக்காரர்கள் ஆண்டுக்கு நான்கு மாதம், 40 இருக்கைகளுக்கு மிகாமல், தங்கள் வீட்டிலேயே சொந்த ஒயினைப் பரிமாறும் ‘ஸ்ட்ராஸ்விர்ட்ஷாஃப்ட்’ என்ற எளிய விடுதிகள் அங்கே உண்டு. அங்கு செலவிடும் பணம் இடைத்தரகரின்றி உழைத்தவரைச் சேர்கிறது. ஆனால், சுற்றுலாவை மட்டும் நம்புவதன் வரம்பையும் வரலாறு காட்டுகிறது. 1935-ல் நாஜி அரசு பலாட்டினேட்டில் ‘ஜெர்மன் ஒயின் சாலை’யைத் திறந்தது, தேங்கிக் கிடந்த ஒயினை விற்கத்தான். அதே அரசு யூத ஒயின் வணிகர்களை விரட்டி, சந்தையின் முதுகெலும்பை முறித்திருந்தது. அலங்கார வளைவுகள் கொள்கைப் பிழைகளை மறைக்கலாம், சரிசெய்யா.

சரிவுத் தோட்டம் தருவது ஒயின் மட்டுமல்ல. கல்லடுக்குச் சுவர்கள், ஆற்றோரக் காட்சி, கீழ் மோசெலில் மட்டுமே வாழும் அப்பல்லோ வண்ணத்துப்பூச்சியின் ஓர் உள்ளினம் ஆகிய அனைத்தும் அந்த உழைப்பைச் சார்ந்தவை. தோட்டம் புதர்மண்டினால் இவையும் மறையும். படகிலிருந்து படமெடுக்கும் பயணி இவற்றை இலவசமாகவே அனுபவிக்கிறார். ஆகவே, மாநில அரசு இப்போது வழங்கும் சரிவு மானியத்தை விவசாயிக்கான சலுகையாக அன்றி, பொதுச் சொத்தைப் பராமரிப்பதற்கான கூலியாகக் கருதி உயர்த்துவதே நியாயம்.

பயணியால் இயன்றதும் ஒன்று உண்டு. புகழ்பெற்ற ரைன் கோட்டைகளுக்கு ஒதுக்கிய நாட்களைக் குறைத்து, கோப்லென்ஸிலிருந்து ட்ரியர் செல்லும் ரயில் பாதையில் சிறு ஊர்களில் இறங்குவதாக என் திட்டத்தை மாற்றியிருக்கிறேன். ஒயின் சுவைத்தபின் வாகனம் ஓட்டும் கவலையும் இல்லை. சுவைத்துப் பார்ப்பதோடு நிற்காமல், சரிவில் விளைந்த ஒயினை அதன் உரிய விலை கொடுத்து அங்கேயே வாங்குவதுதான் அந்த நிலத்துக்கு நாம் செய்யும் மரியாதை.