எழுத்தைக் கொண்டு ஆளை எடைபோடலாமா?

எழுத்து எப்படியோ ஆளும் அப்படியே என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சுருக்கமாக எழுதினால் அழுத்தக்காரன். நீட்டி எழுதினால் வெகுளி. பணிவாக எழுதினால் கோழை. இப்படி ஆளுக்கொரு வகை வகுத்துச் சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் உங்கள் குணம் இன்னது என்று நொடியில் சொல்லும் கணிப்பொறிகளும் இன்று வந்துவிட்டன.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். என் வகுப்பு நண்பன் ஒருவன் சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தில் எழுத்தர் வேலைக்குச் சென்றான். தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதினான். "உங்கள் எழுத்தில் தன்னம்பிக்கை இல்லை, தலைமைப் பண்பு இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சூழ்ந்தபோது, ஃபைபர் படகை எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்து முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிச் சென்றவன் அவன்! அவன் எழுதிய பக்கத்தில் 'அருள்கூர்ந்து' என்ற சொல் ஐந்து இடங்களில் இருந்ததாம். பள்ளியில் விண்ணப்பக் கடிதம் எழுத அப்படித்தானே நமக்குக் கற்றுத் தந்தார்கள்?

எழுத்தில் ஆள் தெரியவே தெரியாது என்று நான் வாதாடவில்லை. நம் விரிவுரையாளர்கள், ஒருவன் ஒப்படைத்த கட்டுரை அவன் எழுதியதா, பக்கத்து இருக்கைக்காரன் எழுதியதா என்பதை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். (என் அனுபவத்தில் சொல்கிறேன், விவரம் வேண்டாம்.) அமெரிக்காவில் 1787–88-இல் புனைபெயரில் வந்த 85 அரசியல் கட்டுரைகளில் 12 யாருடையவை என்ற வழக்கு நெடுநாள் இருந்தது. மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள், யாரும் கவனிக்காத சின்னஞ்சிறு சொற்களை எண்ணிப் பார்த்து, அவை மாடிசன் எழுதியவை என்று 1964-இல் முடிவு கூறினர். நம் நாட்டிலும் 1906 முதல் வெளிவந்த 'இந்தியா' வார இதழின் கையொப்பமில்லாக் கட்டுரைகளுள் பாரதியார் எழுதியவை எவை என்று இம்முறையில் ஆராய்ந்தவர்கள் உண்டு.

ஆனால் நண்பர்களே, 'யார் எழுதியது' என்பது ஒரு கேள்வி. 'எழுதியவன் எப்படிப்பட்டவன்' என்பது முற்றிலும் வேறு கேள்வி. பெருவிரல் ரேகை ஆளைக் காட்டிக் கொடுக்கும். அவன் கோபக்காரனா சாந்தசீலனா என்று ரேகையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? நடையே மனிதன் என்ற கருத்தை 1753-இல் பிரெஞ்சு அகாதெமியில் சொன்ன பஃபோனை எல்லாரும் துணைக்கு அழைக்கிறார்கள். செய்திகளையும் கண்டுபிடிப்புகளையும் பிறர் எடுத்துக்கொண்டு போய்விடலாம், நடை மட்டும் எழுதியவனுக்கே உரியது என்பதுதான் அவர் சொன்னது. குணசாத்திரம் அவர் பேச்சில் இல்லை.

புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்வோம். 'பொன்னகரம்' படித்தவர்களைக் கேளுங்கள்: கசப்பு நிறைந்தவர், எதையும் நம்பாதவர், நாக்கில் நெருப்பு வைத்திருந்தவர் என்பார்கள். அதே மனிதர் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்துள்ளன. அவற்றில் உருகி, ஏங்கி, கெஞ்சி, பணத்துக்குத் தவித்து எழுதுகிறவர் வேறொருவரோ என்று தோன்றும். இவ்விரண்டில் எது அவர் 'வகை'? கதையை மட்டும் கணிப்பொறியில் போட்டால் ஒரு சீட்டு வரும். கடிதத்தைப் போட்டால் இன்னொன்று வரும். 1948-இல் மறைந்தவரிடம் போய்க் கேட்கவா முடியும்? 'ரசமட்டம்' என்ற பெயரில் அவர் எழுதிய விமரிசனங்களையும் சேர்த்தால் மூன்றாவது சீட்டும் கிடைக்கலாம்.

மேல்நாட்டில் பென்னிபேக்கர், கிங் என்ற இரு உளவியலார் 1999-இல் மாணவர்களின் எழுத்துகளை ஆராய்ந்து, சொல்வழக்குக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டு என்று கண்டனர். உண்டுதான், ஆனால் அத்தொடர்பு மெலிந்தது என்பதையும் அவர்கள் தந்த எண்களே காட்டுகின்றன. பலரைக் கூட்டி வைத்துப் பார்த்தால் தெரிவதை, வாசலில் நிற்கும் ஒருவன் தலையில் எப்படி ஏற்றுவது? மேலும், 'நான்' என்ற சொல்லை எத்தனை முறை எழுதுகிறான் என்று எண்ணுவது அவர்கள் முறைகளுள் ஒன்று. தமிழில் 'வந்தேன்' என்றாலே 'நான்' அதற்குள் அடங்கிவிடுகிறதே! 'நான்' என்றே எழுதாமல் தன்னைப் பற்றியே பத்துப் பக்கம் எழுதலாம். நம்மவர் பலர் எழுதுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது ஒரு தமிழ். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிறந்த பிள்ளை வீட்டில் பேசும் பேச்சில் ஒரு வரியைக்கூடத் தேர்வுத் தாளில் எழுத முடியாது. அவன் எழுதுவது பள்ளிக்கூடம் தந்த நடை. நோட்ஸ் தந்த நடை. அதில் குணத்தைத் தேடுவது இரவல் சட்டையைப் பார்த்து உடம்பின் அளவு சொல்வது போன்றது. நன்னூலார் மாணாக்கரை அன்னம், பசு முதல் எருமை, நெய்யரி வரை வகைப்படுத்தினார் அல்லவா? அவர்கூட அவர்கள் பாடம் கேட்கும் விதத்தைப் பார்த்துத்தான் வகுத்தார். எழுதிய ஓலையைப் பார்த்து அல்ல.

எனக்கு இது உறைத்தது என் அத்தையால். அந்த டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது யாவரும் அறிந்ததே. அத்தை வீட்டு வலைகளும் படகும் கறுத்துப் போயின. நிவாரணம் கேட்டு மனு எழுத என்னை அழைத்தார். காசிமேட்டு ஏலத்தில் அவர் குரல் எழுந்தால் வியாபாரிகள் வாய் மூடுவார்கள், அப்படிப்பட்டவர்.

"எழுதுடா. எங்க வூட்டு வலை நாறிப் போச்சு. எண்ணெய வுட்டவன் வந்து மோந்து பாக்கட்டும்."

நான் எழுதினேன்: மேற்படி எண்ணெய்க் கசிவினால் எனது வலைகள் பெரிதும் சேதமுற்றன என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

படித்துக் காட்டினேன். அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இது யார்ரா? ரொம்ப நல்ல பொம்பளையா இருக்கா. நான் இல்லியே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே வெட்கமும் வந்தது. கல்லூரியில் கற்ற தமிழைக் கொண்டு ஓர் ஆளையே அழித்துவிட்டு, அந்த இடத்தில் வேறொருத்தியை உட்கார்த்தியிருந்தேன். அந்த மனுவைப் படித்து அத்தையின் குணம் சொல்லப் புகுந்தவர் என் ஆசிரியர்களின் குணத்தைத்தான் சொல்லியிருப்பார்.

வேறொரு தாள் எடுத்தேன். பணிவும் மேலான கவனமும் இருந்தால்தான் அலுவலகத்தில் வாங்குவார்கள் என்று அத்தையிடம் மன்றாடி அவற்றை வைத்துக்கொண்டேன். "அப்ப அந்த மோந்து பாக்கறத மட்டும் போடு" என்றார். போட்டேன். மேற்கோள் குறிக்குள், அவர் சொன்னபடியே. கீழே தம் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு, தாளைத் தூக்கிப் பிடித்து இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.