பப்பில் போனுக்கு ஸ்டிக்கர்: கேமரா தடை யாரைக் காப்பாத்துது, யாரோட கையைக் கட்டுது?

சனிக்கிழமை ராத்திரி. ஆடுகோடியில் ஒரு பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிற திருச்சிப் பொண்ணு ஒருத்தர், ஃப்ரெண்டோட பிறந்தநாளுக்காகப் பக்கத்து கோரமங்களாவில் ஒரு பப்புக்குப் போறார்னு வைத்துக்கொள்வோம். டான்ஸ் ஃப்ளோரில் யாரோ ஒருத்தர் ரீல்ஸ் எடுக்கிறார். பின்னணியில் இவர் முகம் தெளிவாக விழுகிறது. திங்கட்கிழமை காலையில் அந்த வீடியோ ஊரில் இருக்கிற சித்தப்பாவின் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது.

இவர் செய்ததில் சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. வீடியோ எடுத்தவர் செய்தது தப்பா? அதற்கான பதில் நீங்க நினைப்பது போல அவ்வளவு நேரானது இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 'உள்ளே கேமரா கூடாது' என்கிற விதியை உலகத்தின் பல கிளப்கள் கொண்டு வந்திருக்கின்றன. ஆனால் அந்த விதிக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அதையும் சேர்த்துப் பார்ப்போம்.

கேமரா தடைன்னா என்ன?

மூணு வகை இருக்கு. முதலாவது, வெறும் அறிவிப்பு: 'போட்டோ, வீடியோ எடுக்காதீங்க' என்று வாசலில் சொல்வார்கள். இரண்டாவது, ஸ்டிக்கர்: போனின் முன் கேமரா, பின் கேமரா இரண்டின் மேலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்புவார்கள். ஜெர்மனியின் பெர்லினில் இருக்கிற பெர்க்ஹைன் கிளப் இதற்குப் பெயர் போனது. மூணாவது, பை: போனை ஒரு பூட்டுப் பையில் போட்டு உங்க கையிலேயே கொடுத்துவிடுவார்கள், வெளியே வந்தால்தான் திறக்கும். 2014-ல் தொடங்கிய யாண்டர் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தப் பைகளைப் பிரபலமாக்கியது.

லண்டனின் ஃபேப்ரிக் கிளப், கொரோனா மூடலுக்குப் பிறகு 2021-ல் திறந்தபோது படம் எடுப்பதற்குத் தடை போட்டது. இந்தப் பழக்கத்தின் வேர் பாலினச் சிறுபான்மையினர் கூடிய கிளப்களில் இருக்கிறது. அங்கே ஒரு போட்டோ வெளியே போனால் ஒருத்தருடைய வேலையும் குடும்பமும் போய்விடும் என்ற பயம் நிஜமானது.

இந்தியாவில் இப்படி ஒரு தடையைக் கட்டாயமாக்கும் சட்டமும் கிடையாது, வேண்டாம் என்று தடுக்கும் சட்டமும் கிடையாது. பெங்களூருவில் பெரும்பாலான இடங்கள் 'எங்களை டேக் பண்ணுங்க' என்று கேட்கிற ரகம்தான்.

அப்போ இங்கே ஏன் இந்தப் பேச்சு?

காரணம் சமீபத்திய சம்பவங்கள். 2025 மே மாதம், நம்ம மெட்ரோவில் பயணம் செய்த பெண்களை அவர்களுக்கே தெரியாமல் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவந்த ஒரு பக்கம் அம்பலமானது. பனசங்கரி போலீஸ் வழக்குப் போட்டு ஒருவரைக் கைது செய்தது. இரண்டே மாதத்தில், ஜூலையில், சர்ச் ஸ்ட்ரீட்டில் நடந்துபோன பெண்களைப் படம் எடுத்த இன்னொருவர் கைதானார். அந்த வீடியோக்களில் ஒன்றில் இருந்த பெண் முதலில் இன்ஸ்டாகிராமிடம்தான் புகார் கொடுத்தார். அதனால் பலன் கிடைக்கவில்லை என்று அவரே பொதுவெளியில் பேசிய பிறகுதான் போலீஸ் களத்தில் இறங்கியது.

அதற்கு முந்தைய வருஷம், 2024 ஆகஸ்டில், பெங்களூருவின் ஒரு காபி கடையில் பெண்கள் கழிவறைக் குப்பைத் தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த போன் கண்டுபிடிக்கப்பட்டது. கைதானவர் அந்தக் கடையின் ஊழியர்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. 2005-ல் சென்னையின் ஒரு நட்சத்திர ஹோட்டல் டிஸ்கோவில் ஜோடிகள் முத்தமிட்ட படங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளியாயின. படம் எடுத்தவர் மேல் பாய்ந்திருக்க வேண்டிய கோபம், படத்தில் இருந்தவர்கள் மேல் பாய்ந்தது. ஹோட்டலின் உரிமத்தையும் போலீஸ் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அன்றைக்கு ஒரு பத்திரிகை தேவைப்பட்டது. இன்றைக்கு ஒரு போனே போதும்.

சட்டம் என்ன சொல்லுது?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு, மறைந்திருந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு 1 முதல் 3 வருஷம் வரை சிறை. ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கு. படத்தில் இருக்கும் பெண் 'தனிப்பட்ட செயலில்' ஈடுபட்டிருக்க வேண்டும். உடை மாற்றுவது, கழிவறையைப் பயன்படுத்துவது, அந்தரங்கமாக இருப்பது போன்றவை. டான்ஸ் ஃப்ளோரில் ஆடுவது இந்த வரையறைக்குள் வராது.

2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவுபடுத்தியது. மேற்கு வங்கத்தில் ஒரு சொத்துத் தகராறில் எழுந்த வழக்கு அது. தனிப்பட்ட செயலில் ஈடுபடாத ஒரு பெண்ணை அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பது மட்டுமே இந்தப் பிரிவின்கீழ் குற்றமாகாது என்று நீதிமன்றம் சொன்னது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண், திருநர் எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் அதுவும் உடலின் அந்தரங்கப் பகுதிகளைப் படம் எடுப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 78-வது பிரிவு, பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் நோக்கம் இருந்தால் 79-வது பிரிவு. 'சும்மா எடுத்தேன், நீங்க பின்னால வந்துட்டீங்க' என்று ஒருவர் சொன்னால் இந்தப் பிரிவுகள் எதுவும் சுலபமாக ஒட்டாது.

2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது உண்மைதான். ஆனால் பக்கத்து டேபிள்காரர் மேல் அதை வைத்து உடனே வழக்குப் போட முடியாது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் கையாளும் தரவுக்கு விலக்கு கொடுத்துவிட்டது.

அதாவது, சட்டத்தின் வேலி கழிவறைக் கதவோடு முடிகிறது. டான்ஸ் ஃப்ளோருக்கு வேலி போடுவது கிளப்போட விதிதான். அந்த வகையில் கேமரா தடை ஒரு நிஜமான தேவையைப் பூர்த்தி செய்யுது.

தடை போட்டால் பிரச்சனை தீர்ந்ததா?

இங்கேதான் மறுபக்கம் வருது. கேமரா தொல்லை கொடுக்கும். அதே கேமரா சாட்சியும் சொல்லும்.

2017 புத்தாண்டு அதிகாலையில் பெங்களூரு கம்மனஹள்ளியில் வீடு திரும்பிய ஒரு பெண் தாக்கப்பட்டார். அந்தத் தெருவில் ஒரு வீட்டின் சிசிடிவி பதிவு வெளியே வந்த பிறகுதான் வழக்கு வேகம் பிடித்து, கைதுகள் நடந்தன.

2025 டிசம்பர் 6 நள்ளிரவை ஒட்டி, கோவாவின் அர்போராவில் ஒரு நைட் கிளப்பில் தீப்பிடித்து 25 பேர் இறந்தார்கள். மேடையில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கூரையில் தீ தெரிவதை நாடே பார்த்தது, அங்கே எடுக்கப்பட்ட வீடியோவால். எல்லா போனும் பூட்டுப் பையில் இருந்திருந்தால் அந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருக்குமா என்பது நியாயமான கேள்வி.

அதே நேரம், வீடியோ இருந்தாலே நீதி கிடைத்துவிடும் என்றும் நம்ப முடியாது. 2009 ஜனவரி 24-ல் மங்களூரு பப் ஒன்றுக்குள் புகுந்து பெண்களை அடித்து விரட்டிய காட்சி டிவி கேமராக்களில் பதிவாகி நாடு முழுக்க ஓடியது. அடி வாங்கிய பெண்களின் முகங்கள் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன. ஒன்பது வருஷம் கழித்து, 2018 மார்ச்சில், போதிய ஆதாரம் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். பெண்களுக்கு அவமானம் மிஞ்சியது, ஆதாரம் மிஞ்சவில்லை.

உங்க கையில் கூடாது, கூரையில் கட்டாயம்

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 2017-ம் ஆண்டின் கர்நாடக பொதுப் பாதுகாப்பு அமலாக்கச் சட்டப்படி, ஒரே நேரத்தில் 100 பேரோ, ஒரு நாளில் 500 பேரோ கூடும் இடங்களில் சிசிடிவி வைத்தே ஆக வேண்டும். பதிவை 30 நாள் பாதுகாக்கவும் வேண்டும். ஓரளவு பெரிய பப் எல்லாமே இதற்குள் வந்துவிடும்.

ஆக, 'கேமரா இல்லாத கிளப்' என்று எதுவும் இங்கே கிடையாது. கேமரா தடை என்றால், வந்தவர்களின் கேமரா மட்டும் இல்லாத கிளப். கிளப் சிசிடிவி ஓடிக்கொண்டுதான் இருக்கும். பல இடங்களில் கிளப் ஏற்பாடு செய்த போட்டோகிராஃபரும் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பார். அவர் எடுத்த படம் அடுத்த வார போஸ்டரில் வரலாம்.

இதில்தான் சமநிலை தவறுது. பவுன்சர் தள்ளிவிட்டார், பில்லில் தகராறு, பாரில் ஒருத்தர் கை வைத்தார்: இப்படி எது நடந்தாலும் அதன் பதிவு கிளப்பிடம் மட்டும்தான் இருக்கும். புகாரே கிளப் மேல் என்றால், சாட்சியைக் கையில் வைத்திருப்பவரும் எதிர்த்தரப்பும் ஒரே ஆள். 30 நாள் கழித்துப் போய்க் கேட்டால் 'அழிஞ்சு போச்சு' என்று சொல்ல அவர்களுக்குச் சட்டப்படியே இடம் இருக்கு.

பவுன்சர் போனைப் பிடுங்கலாமா?

கூடாது. கிளப் ஒரு தனியார் இடம். விதி வைக்கலாம், மீறினால் வெளியே போகச் சொல்லலாம். அவ்ளோதான். பவுன்சர்கள் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-ன்கீழ் வரும் காவலர்கள், போலீஸ் இல்லை. உங்க போனைப் பறிக்கவோ, கேலரியைத் திறந்து பார்க்கவோ, உங்களைப் பிடித்து வைத்து வீடியோவை அழிக்க வைக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அப்படிச் செய்தால் 112-க்கு அழைக்கலாம்.

ஸ்டிக்கரா, பையா?

நம்ம ஊர் நிலைமைக்குப் பூட்டுப் பை சரிப்படாது. பணம் கொடுக்க யு.பி.ஐ., வீட்டுக்குப் போக கேப், ஆபத்துன்னா 112, 'எங்கே இருக்கே?' என்று அம்மா அனுப்பும் மெசேஜ், எல்லாமே அந்த ஒரு போனில்தான். குறிப்பாக ராத்திரி ஒரு மணிக்குத் தனியாகக் கிளம்பும் பெண்ணிடம் போனைப் பூட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

ஸ்டிக்கர் பரவாயில்லை. அழைப்பும் மெசேஜும் தடைபடாது. ஆனால் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யவே கேமரா வேண்டுமே? பில் கவுன்டரில் ஸ்டிக்கரை எடுத்து, திரும்ப ஒட்டித் தர ஒரு ஆள் வேண்டும். இல்லைன்னா கார்டு இயந்திரமாவது வேண்டும். இதைக்கூட யோசிக்காமல் போடும் தடை முதல் வாரத்திலேயே கிழிந்துவிடும்.

நீங்க என்ன செய்யலாம்?

*போறதுக்கு முன்னாடி:* படம் எடுக்கும் விதி என்ன, கிளப்போட போட்டோகிராஃபர் இருக்காரா என்று கேளுங்க. 'என்னை எடுக்க வேண்டாம்' என்று அவரிடம் நேராகச் சொல்லுங்க. உங்க முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்க. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு அமலுக்கு வரும்போது கிளப்களுக்கு இது சட்டக் கடமையாகவே மாறும்.

*யாராவது உங்களை எடுத்தால்:* முதலில் மேனேஜரிடம் சொல்லுங்க. கிளப்பில் தடை விதி இருந்தால் அதை அமல்படுத்துவது அவர் வேலை.

*வீடியோ ஆன்லைனில் வந்துவிட்டால்:* அழிப்பதற்கு முன்னால் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. பிறகு தளத்தில் புகார், 1930 அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளம், போலீஸ் ஸ்டேஷன். எல்லை எது என்று தெரியாவிட்டால் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம்.

*உள்ளே தாக்குதலோ தொல்லையோ நடந்தால்:* அன்றைக்கோ மறுநாளோ, சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி நேரம், இடம் குறிப்பிட்டு கிளப்புக்கு இமெயில் அனுப்புங்க. அதன் நகலைப் போலீஸ் புகாரோடு சேருங்க. அந்த 30 நாள் கணக்கை மறக்காதீங்க.

கடைசியாக

கேமரா தடையை எதிர்க்க வேண்டியதில்லை. பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து, வாரத்தில் ஒருநாள் யாரும் கவனிக்காமல் ஆடிவிட்டு வர நினைக்கும் ஒருவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் தடை போடும் கிளப்பிடம் பதிலுக்கு மூணு விஷயம் கேட்பது நியாயம்: தன் போட்டோகிராஃபருக்கும் அதே விதி, பிரச்சனை என்று ஒருவர் சொன்ன அன்றே சிசிடிவி பதிவைத் தனியே எடுத்து வைப்பேன் என்ற எழுத்து உறுதி, ஆபத்தில் போனைப் பயன்படுத்துபவரைத் தடுக்க மாட்டேன் என்ற உத்தரவாதம்.

இந்த மூணும் இருந்தால் அந்த ஸ்டிக்கர் உங்களுக்கான பாதுகாப்பு. இல்லாவிட்டால், அது கிளப்புக்கான பாதுகாப்பு மட்டும்தான்.