ரத்தத்தைப் புடைக்கும் ஒலி!

பாட்டி முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி ஒரு பக்கம், உமி ஒரு பக்கம் தனித்தனியாகிவிடும். ரத்தத்தையும் இப்படிப் புடைக்க முடியுமா? முடியும். முறம் வேண்டாம், ஒலி போதும்!

புற்றுநோய்க் கட்டியிலிருந்து சில செல்கள் கழன்று ரத்தத்தில் கலந்துவிடும். நோயை உடலின் மற்ற இடங்களுக்குப் பரப்புபவை இவைதான். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்களும், லட்சக்கணக்கான வெள்ளையணுக்களும் இருக்கும். புற்று செல்களோ பெரும்பாலும் பத்துக்கும் குறைவு! எப்படிக் கண்டுபிடிப்பது?

2015-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். அவர்களில் ஒருவரான சுப்ரா சுரேஷ், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

முதலில் சிவப்பணுக்களைக் கரைத்து நீக்கிவிடுகிறார்கள். மீதியை, சிறிய சில்லு ஒன்றில் உள்ள மெல்லிய கால்வாயில் ஓடவிடுகிறார்கள். இரு பக்கமிருந்தும் ஒலி அலைகள் வந்து மோதும். வினாடிக்குச் சுமார் 2 கோடி அதிர்வுகள் என்பதால் நம் காதுக்குக் கேட்காது. அலைகள் சந்திக்கும்போது, கால்வாய்க்குச் சாய்வாக அசைவற்ற கோடுகள் உண்டாகும். இவற்றைக் 'கணுக்கள்' என்பார்கள். செல்களை ஒலி இந்தக் கோடுகளை நோக்கித் தள்ளும். பெரிய செல் மீது விசை அதிகம். அதனால் அது கோட்டோடு ஒதுங்கிப் போகும். சிறிய செல் நேரே ஓடிவிடும். இரண்டுக்கும் தனித்தனி வாசல்!

இதில் என்ன லாபம்? செல்களில் ரசாயன அடையாளம் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. செல்கள் சாவதும் இல்லை. உயிரோடு கிடைத்த செல்லை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சோதித்துப் பார்க்கலாம்.

அப்படியானால், ஒலி புற்றுநோயைக் குணமாக்குமா? இந்தக் கருவி குணமாக்காது, பிரித்துத்தான் கொடுக்கும். அதிலும் சிக்கல்கள் உண்டு. 6 மில்லி ரத்தத்தைப் பிரிக்க 5 மணி நேரம் ஆனது. அதற்கு முந்தைய கருவிக்கோ 30 மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டது! சில வெள்ளையணுக்கள் புற்று செல் அளவுக்குப் பெரிதாக இருப்பதால், அவையும் கூடவே வந்துவிடும். தவிர, அப்போது சோதித்தது மூன்றே நோயாளிகளின் ரத்தத்தைத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் நூறு பேர் வரிசையில் நிற்பார்களே, என்ன செய்வது?

எனவே, 'புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் புதுக்கருவி' என்று செய்தி வந்தால், உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று தேடிப் படியுங்கள். வேகத்தைக் கூட்டும் வழியை நாளை நீங்களே கண்டுபிடிக்கலாம், இல்லையா?