கிராம முதியோர் நலப் பணிகளின் நிரந்தரம் குறித்து எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு

தாம்பரத்தைச் சூழ்ந்துள்ள அகரம்தென், பொன்மார், வேங்கைவாசல் முதலிய ஊர்களில் முதியோரின் ஆரோக்கியத்தைக் கருதிச் சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும் மேற்கொள்ளும் பணிகள், தொடக்க விழாவின் உற்சாகத்தை நம்பி நில்லாமல், நிச்சயமான நிதி, நிலையான ஊழியர், ஊராரின் பொறுப்பு என்னும் மூன்றையும் ஆதாரமாகக் கொண்டு நடைபெற வேண்டும் என்பதே எங்கள் மன்றத்தின் திடமான அபிப்பிராயம்.

2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031இல் அது பதினெட்டைத் தாண்டும் என்று மத்திய சர்க்காரின் நிபுணர் குழு மதிப்பிட்டிருக்கிறது. தலைமுறைக் கணக்கில் வளரும் தேவைக்கு, மூன்றாண்டு நன்கொடையில் உயிர்வாழும் பணி ஒருகாலும் ஈடாகாது.

இதற்கு நம் தாம்பரமே சாட்சி. டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928இல் இங்கு நிறுவிய காசநோய் சானடோரியம் ஒரு தனி மனிதரின் பெருமுயற்சியால் தோன்றியதெனினும், 1937இல் சர்க்கார் அதைத் தன் கடமையாக ஏற்றுக்கொண்டமையாலன்றோ, ஸ்தாபகரின் காலத்துக்குப் பின்னும் அது நிலைத்து நிற்கிறது!

2010இல் தொடங்கிய தேசிய முதியோர் நல மருத்துவத் திட்டத்தையும், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை 2021 முதல் வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தையும், 2024இல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையையும் நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆயினும், முழங்கால் வலியோடு தனித்து வாழும் பொன்மார் மூதாட்டி வாரந்தோறும் கிண்டிக்குப் போய்வருதல் சாத்தியமன்று. அவருக்கு மருத்துவம் என்பது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி மாத்திரையோடு வீடு தேடி வரும் பெண் தன்னார்வலரே.

ஆகவே நாங்கள் வேண்டுவன நான்கு. முதலாவது, ஊக்கத்தொகையை நம்பிப் பணியாற்றும் அப்பெண்களுக்குப் பயிற்சியும், நியாயமான ஊதியமும், வேலை உறுதியும் அளிக்கப்பட வேண்டும். இரண்டாவது, முதியோர் பணிக்கென ஒதுக்கும் தொகை விலைவாசியோடு ஏற வேண்டும். அறுபது முதல் எழுபத்தொன்பது வயதுவரை உள்ள ஏழை முதியோர்க்கு மத்திய சர்க்கார் தரும் ஓய்வூதியப் பங்கு பல்லாண்டுகளாக மாதம் 200 ரூபாயாகவே நிற்பது, அவ்வாறு ஏறாத தொகை எத்துணை மெலியும் என்பதைக் காட்டுகிறது. மூன்றாவது, ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானதுபோல், இனி எந்தக் கிராமம் நகரத்தோடு சேர்ந்தாலும், அங்குள்ள முதியோரின் மருத்துவப் பதிவேடும் மாதாந்திர மருந்தும் ஒருநாளும் தடைப்படலாகாது. நான்காவது, ஊராட்சி உள்ளவரை, அக்டோபர் 2ஆம் தேதி கூடும் கிராம சபையில் ஆண்டுதோறும் இப்பணியின் வரவு செலவும், வீட்டைவிட்டு நகர இயலாதோர் எத்தனை பேர் சிகிச்சை பெற்றனர் என்ற விவரமும் வாசிக்கப்பட வேண்டும்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறோம். அக்கணக்கைக் கேட்டுப் பெறும் பொறுப்பை மன்றத்தின் அங்கத்தினர்கள் ஏற்பார்கள். நன்கொடை தீர்ந்த பின் செலவை யார் ஏற்பர் என்று எழுத்தில் உறுதி தராத எந்தப் புதிய பணிக்கும், அது எத்துணை நன்னோக்கம் உடையதாயினும், மன்றம் தன் ஆதரவை நல்காது.