சாணியை ஐஸில் வைத்து அனுப்புங்கள்

கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் என்றால் எங்கள் திருத்தணி வட்டாரத்தில் நடப்பது எப்போதும் ஒன்றுதான். முதல் நாள் மாதுளை ஓட்டைக் காய்ச்சிக் கொடுப்பார்கள். இரண்டாம் நாள் மருந்துக் கடையில் போய், "கன்னுக்குட்டி பேதியா போவுது, மாத்திர குடு" என்பார்கள். கடைக்காரர் கன்றின் வயதைக் கேட்க மாட்டார், சாணியின் நிறத்தைக் கேட்க மாட்டார். ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்றை எடுத்துப் பாதி உடைத்துக் கொடுப்பார். மூன்றாம் நாள் யாரையாவது கூப்பிட்டு ஊசி. கன்று பிழைத்தால் ஊசி போட்டவர் கைராசிக்காரர். செத்தால் கண்ணேறு.

கால்நடை ஆய்வாளராக முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை என்று சுற்றியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பால் சொசைட்டிப் பக்கம் போனால் யாராவது இதையேதான் கேட்கிறார்கள்: "சார், கழிச்சலுக்கு என்ன மருந்து?" எந்தக் கழிச்சலுக்கு என்று திருப்பிக் கேட்டால் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். கழிச்சல் என்பது நோயின் பெயரல்ல, அடையாளம். வீட்டில் புகை வந்தால் அடுப்பா, குப்பையா, கூரையா என்று பார்க்காமல் தண்ணீர் ஊற்றுவோமா?

பிறந்த மூன்று நான்கு நாளுக்குள் கன்று தண்ணீராகக் கழிந்து சுருண்டு விழுந்தால் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை முதலில் சந்தேகிக்கலாம். ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ரோட்டா வைரஸின் காலம். கொரோனா வைரஸ் அதை ஒட்டியும், இன்னும் ஒரு வாரம் தள்ளியும் வரும். (மாட்டுக்கான கொரோனா வேறு, அது 1970களிலேயே தெரிந்த விஷயம். 2020இல் அந்தப் பெயரைக் கேட்டு ஊரே நடுங்கியபோது எங்கள் துறைக்காரர்களுக்கு மட்டும் அது பழகிய பெயர்.) அதே வயதில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் வரும். அது மனிதருக்கும் தொற்றும். மூன்று வாரம் தாண்டி ரத்தம் கலந்து போனால் ரத்தக் கழிச்சல். எருமைக் கன்று என்றால் உருண்டைப்புழுவை மறக்கக் கூடாது.

வயதை வைத்துச் சொல்வது யூகம்தான். மஞ்சளாகத் தண்ணீராகப் போவதை மட்டும் பார்த்து இது ரோட்டா, இது கொரோனா என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. சோதனை வேண்டும். ரோட்டா வைரஸுக்கு ஓர் எளிய சோதனை நாற்பது வருடமாகவே இருக்கிறது. அந்த வைரஸின் மரபுப்பொருள் 11 துண்டுகளாக இருக்கும். சாணத்திலிருந்து அதைப் பிரித்து, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டு, வெள்ளிச் சாயம் ஏற்றினால் கோடுகளாகத் தெரியும். மேலே நான்கு, பிறகு இரண்டு, மூன்று, கடைசியில் இரண்டு என்று கோலப்புள்ளி மாதிரி வரிசை. அது தெரிந்தால் 'ஏ' வகை ரோட்டா. பிசிஆர் இன்னும் நுட்பமானது. வெளிநாட்டுப் பண்ணைகளில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போலவே ஒரு பட்டையைச் சாணக் கரைசலில் நனைத்து, சில நிமிடங்களில் ரோட்டாவா, கொரோனாவா, ஈ.கோலையா, கிரிப்டோவா என்று தொழுவத்திலேயே பார்த்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். எங்கள் துறை நண்பர்களே என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். "வைரஸ் என்று தெரிந்துதான் என்ன செய்யப் போகிறாய்? அதற்கு மருந்தா இருக்கிறது? எந்தக் கழிச்சலானாலும் நீர்ச்சத்து ஏற்றத்தானே வேண்டும்?"

அந்தக் கன்றின் அளவில் கேள்வி நியாயமானது. ரோட்டா வைரஸ் சிறுகுடலின் உறிஞ்சிகளின் நுனியைச் சிதைத்துவிடுகிறது. குடித்த பால் செரிக்காமல் தண்ணீரோடு வெளியே போகிறது. குடல் தானே புதுப்பித்துக்கொள்ளும் வரை உப்பும் சர்க்கரையும் தண்ணீரும் கொடுத்துக் கன்றை உயிரோடு வைத்திருப்பதுதான் வைத்தியம். ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடவே தொடாது. காய்ச்சல் அடித்து, ரத்தத்தில் பாக்டீரியா கலந்த கன்றுக்கு அது தேவை. அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் சோதனை இந்தக் கன்றுக்காக அல்ல, அடுத்த கன்றுக்காக. ரோட்டா என்று தெரிந்தால், அந்தத் தொழுவத்தின் சாணத்தில் வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும் என்று தெரியும். அடுத்த ஈற்றை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். நோயில்லாத கன்றுக்கு முதலிலும் நோயுற்றதற்குக் கடைசியிலும் பால் காட்டலாம். சீம்பாலை முதல் நாளோடு நிறுத்தாமல் இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுத்தால் அது குடலுக்குள்ளேயே வைரஸைத் தடுக்கும். வெளிநாடுகளில் சினை மாட்டுக்குக் கடைசி மாதங்களில் ரோட்டா, கொரோனா, ஈ.கோலை மூன்றுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போட்டு, சீம்பால் வழியாகக் கன்றைக் காக்கிறார்கள். நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை. எத்தனை கன்று எதனால் சாகிறது என்ற கணக்கே இல்லாதபோது தடுப்பூசி வேண்டும் என்று யார் போய்க் கேட்பது?

பெயர் தெரிவதால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 1987இல் விழுப்புரம் பக்கம் அரசூரில் செம்மறியாடுகள் காய்ச்சலும் கழிச்சலுமாகச் செத்தன. மாட்டின் வெக்கை நோயை ஒழிக்க நாடு முழுவதும் பாடுபட்ட காலம் அது. ஆட்டுக்கு வந்ததும் வெக்கைதான் என்று எழுதி மூடியிருக்கலாம். மூடவில்லை. மாதிரிகள் ஆய்வுக்குப் போயின. அது வெக்கை அல்ல, அதுவரை இந்தியாவில் இருப்பதாகவே தெரியாத ஆட்டுக்கொல்லி நோய் என்று உறுதியானது. 1989இல் அந்த முடிவு வெளியானது. பிற்பாடு அதே அரசூர் வைரஸிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி தயாரித்தது. இன்றைக்கு நான்கு மாதக் குட்டிக்கு ஆட்டுக்கொல்லி ஊசி போடுகிறோம் என்றால், அந்த மாதிரிகளை எடுத்து அனுப்பிய கைகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொரு சாட்சி பக்கத்திலேயே, வேலூரில். சி.எம்.சி. மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டுபிடித்த ரோட்டா வைரஸில் ஒரு வகை, நம் மாடுகளிடம் சகஜமாகக் காணப்படும் வகையோடு ஒத்துப்போனது. இப்போது குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தாகக் கொடுக்கிறார்களே ரோட்டாவேக், அதன் மூல வைரஸ் டெல்லியில் ஒரு குழந்தையிடம் கிடைத்தது. மனித வைரஸ்தான், ஆனால் அதில் ஒரு மரபணு மாட்டு வைரஸிலிருந்து வந்தது. ஆந்திராவில் 2016இலேயே அரசுத் திட்டத்தில் வந்துவிட்டது, நமக்கு 2017இல். நகரிக்காரர்கள் நம்மை முந்திக்கொண்டார்கள். எல்லைக் கோடு 1960இல் நாம் போட்டது. வைரஸ் அதை மதிப்பதில்லை, ஆட்டு வியாபாரிகளும் மதிப்பதில்லை.

என் குறை மாதிரி போகும் வழியைப் பற்றியது. நான் வேலையில் இருந்தபோது ஒரு கிராமத்தில் அடுத்தடுத்து ஆறேழு கன்று கழிச்சலில் விழுந்தது. சாணத்தைப் பாட்டிலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் கொடுத்து அனுப்பினோம். பெட்டி போய்ச் சேர்ந்தபோது சனிக்கிழமை மதியம். வாங்க ஆளில்லை. திங்கட்கிழமை திறந்தபோது ஐஸ் உருகி நாறிவிட்டிருந்தது. 'மாதிரி சோதனைக்கு உகந்ததல்ல' என்று மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அதற்குள் நான்கு கன்றுகளைப் புதைத்தாகிவிட்டது. விவசாயி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரிடமும் சாணம் எடுக்கலாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. 1932இலிருந்து இயங்கும் ராணிப்பேட்டை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நமக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். சென்னையில் பல்கலைக்கழகமே இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, ஐஸ் பெட்டிக்குத்தான் பஞ்சம். 1962க்குப் போன் செய்தால் வீட்டு வாசலுக்கே கால்நடை வண்டி வருகிற காலம் இது. அந்த வண்டியில் நாலு மூடி போட்ட குப்பியும் ஒரு குளிர்ப்பெட்டியும் அந்தச் சோதனைப் பட்டையும் வைக்கக் கூடாதா? வாரத்தில் இரண்டு நாள் மாதிரி வாங்குவதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தக் கூடாதா? முடிவை அந்த வாரமே விவசாயியின் செல்போனுக்குத் தமிழில் அனுப்பினால் போதும்.

காளைக் கன்றுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்சி கலப்பில் காளைக் கன்று பிறந்தாலே முகம் சுளிப்பதையும், சீம்பாலைக்கூடக் கறந்து விற்பதையும் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காளைக் கன்றின் கழிச்சல்தான் பக்கத்தில் கட்டியிருக்கும் கிடாரிக்கும் போகிறது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: கன்று பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால். இருபது கிலோ கன்றுக்கு முதல் ஆறு மணி நேரத்தில் மொத்தம் இரண்டு லிட்டர். கழிச்சல் வந்தால் பாலை நிறுத்தாதீர்கள், கரைசலைப் பாலோடு கலக்காமல் இடைவெளி விட்டுத் தனியாகக் கொடுங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே விழாமல் கூடாரமாக நின்றாலோ, கண் உள்ளே போயிருந்தாலோ குளுக்கோஸ் பாட்டில் ஏற்ற வேண்டிய கட்டம், காத்திருக்காதீர்கள். ஆட்டுக்குட்டி என்றால் வாயைத் திறந்து பாருங்கள். ஈறிலும் நாக்கிலும் புண், மூக்கில் சளி, கூடவே கழிச்சல் என்றால் ஆட்டுக்கொல்லியாக இருக்கலாம். அன்றைக்கே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மருத்துவர் வந்தால் ஊசி போடுவதற்கு முன்னாலேயே சாணம் எடுக்கச் சொல்லுங்கள். கழிச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாளுக்குள், ஒரே கன்றிடம் அல்ல, மூன்று நான்கு கன்றுகளிடம். நோயில்லாத கன்றின் சாணத்திலும் ரோட்டா இருப்பதுண்டு, ஒன்றை வைத்து முடிவு சொல்ல முடியாது. சனிக்கிழமை மட்டும் அனுப்பாதீர்கள்.